மறதிநோயிலும் மறையாதவை

டிமென்ஷியா வந்த பெரியவர் இருக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் நடப்பது ஒரு தேர்வுதான். "அத்தை, என்னை யாருன்னு தெரியுதா?" வீட்டிலிருப்பவர் பக்கத்தில் நின்று துப்புக் கொடுப்பார்: "நல்லாப் பாருங்கம்மா, மதுரையிலேர்ந்து வந்திருக்காங்க." பெரியவர் முகத்தில் ஒரு தவிப்பு ஓடும். சிரித்துச் சமாளிப்பார், அல்லது என்றோ இறந்துபோன தங்கையின் பெயரைச் சொல்வார். வந்தவருக்கு மனசு விட்டுப்போகும். "ஒண்ணுமே ஞாபகம் இல்லபோல" என்று அவர் காதுபடவே சொல்வார்.

அன்பினால் கேட்கிற கேள்விதான் அது. ஆனால், இந்த நோய் எதை முதலில் தாக்குகிறதோ அதையே தேடிப் பிடித்துச் சோதிக்கிற கேள்வியும்கூட. காலில் கட்டுப் போட்டிருப்பவரைப் பார்க்கப் போனால் யாரும் நடந்து காட்டச் சொல்வதில்லை. மறதிநோயாளியிடம் மட்டும் போகிறவர் வருகிறவர் எல்லோரும் பெயரைக் கேட்கிறோம், கிழமையைக் கேட்கிறோம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறோம். அவர் தோற்றதும் 'எல்லாம் போய்விட்டது' என்று முடிவுகட்டி, அவர் கையிலிருந்த வேலைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறோம். நோய் எடுத்துக்கொண்டது பாதி என்றால், இப்படி நாம் எடுத்துக்கொள்வது மீதி. அந்த மீதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டிமென்ஷியா வகைகளில் அதிகம் காணப்படுவது அல்சைமர். பெரும்பாலானவர்களிடம் அது முதலில் பாதிப்பது மூளையின் உட்புறத்தில் உள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும். இன்று நடந்ததை நாளைக்கு எடுத்துவைப்பது அந்தப் பகுதியின் வேலை. அதனால்தான் ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணம் நினைவிருக்கிறது, அரை மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டது நினைவில்லை. கை பழகிய தொழில்களை வைத்திருப்பது மூளையின் வேறு பகுதிகள்: அடிப்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சுகள், சிறுமூளை, அசைவுக்கான புறணிப் பகுதிகள். அல்சைமர் அங்கே மெதுவாகத்தான் போய்ச் சேர்கிறது.

இதை மருத்துவ உலகுக்கு ஐயமறக் காட்டியவர் டிமென்ஷியா நோயாளி அல்லர். ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்க இளைஞர். வலிப்பு நோயைத் தீர்ப்பதற்காக 1953-இல் அவருக்கு நடந்த அறுவைச் சிகிச்சையில், இரண்டு பக்க ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. 2008-இல் இறக்கும்வரை, தினம் பார்க்கும் மருத்துவரும் அவருக்குப் புதியவரே. நரம்பியல் உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்து அதன் ஓரமாகக் கோடு போடச் சொன்னார். கண்ணாடியில் திசை மாறித் தெரிவதால் யாருக்கும் முதலில் கை குழம்பும். மொலேசனுக்கும் குழம்பியது. மூன்று நாள் பயிற்சிக்குள் அவர் கோடு சீரானது. ஆனால், ஒவ்வொரு முறையும் அதை முதல் தடவையாகச் செய்வதாகவே அவர் நினைத்தார். கற்றுக்கொண்டதே தெரியாத ஒருவர் கற்றுக்கொண்டிருந்தார். நினைவு என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் பல நினைவுகள் என்பதும், ஒன்று போனால் மற்றதும் போய்விடாது என்பதும் அன்று உறுதியானது.

இதை நம் வீட்டுக் கூடத்திலேயே பார்க்கலாம். என் பெரியம்மாவுக்கு அல்சைமர் நடுக்கட்டத்தில் இருந்தபோது, தன் மகளையே பக்கத்து வீட்டுப் பெண் என்பார். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் உதிரி மல்லி வாங்கி முறத்தில் கொட்டி வைத்திருந்தார்கள். நனைத்த வாழைநார் பக்கத்தில் கிடந்தது. யாரும் கூப்பிடவில்லை. அவரே வந்து உட்கார்ந்தார். நாரை நகத்தால் மெலிசாகக் கிழித்தார். இடது கை விரலிடுக்கில் நாரைப் பிடித்து, இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு ஒட்ட வைத்து, வலது கையால் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார். முடிச்சு விழுந்தது. அடுத்தது. கண் பூவைப் பார்க்கவே இல்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. காம்பு ஒடிந்த மொட்டுகளை மட்டும் கை தானாக ஒதுக்கிவைத்தது. அன்று என்ன கிழமை என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. சரம் நீண்டதும், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்து முழம் போட்டு அளந்து, பல்லால் நாரைக் கடித்து அறுத்தார்.

அங்கிருந்த உறவினர் ஒருவர், "பாவம், இந்த வயசுல எதுக்கு அவங்களை வேலை வாங்கறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலும் அன்பு இருந்தது. ஆனால், அன்று முழுக்க பெரியம்மா "வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு நடக்கவில்லை. மற்ற நாள்களில் சாயங்காலமானால் அதுதான் நடக்கும். தன்னால் யாருக்கும் ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்ற உணர்வு, காரணம் சொல்லத் தெரியாத நிலையிலும் மனிதரை அலைக்கழிக்கிறது. பயன்பட வேண்டும் என்ற ஆசை, பெயர்கள் போன பிறகும் வெகுகாலம் இருக்கிறது. கீரை ஆய்வது, பயறு புடைப்பது, துணி மடிப்பது, ஆணி பிடுங்குவது, வயலில் களை எடுப்பது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது - ஐம்பது வருடம் கை பழகிய எதுவானாலும் கொடுத்துப் பார்க்கலாம். அடுப்பையும் அரிவாள்மணையையும் தள்ளி வைத்துவிட்டுக் கொடுக்கலாம்.

அடுத்து பாட்டு. அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட்டுக்கு அல்சைமர் என்று 2016-இல் கண்டறியப்பட்டது. 2021 ஆகஸ்டில், தன் 95-ஆவது பிறந்தநாளையொட்டி நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் லேடி காகாவோடு அவர் மேடை ஏறினார். ஆயிரக்கணக்கானோர் முன்னால் தன் பாடல்களைப் பாடினார். அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசைப் பாடகர் கிளென் கேம்பல் 2011-இல் தன் நோயை வெளியே சொல்லிவிட்டு விடைபெறும் பயணம் கிளம்பினார். 2012 இறுதிவரை 151 மேடைகள். பாட்டு வரிகளுக்கு அவருக்கு எதிரே எழுத்துத்திரை தேவைப்பட்டது. கிட்டாரில் தனி வாசிப்பு வரும்போது மட்டும் எந்தத் துணையும் தேவைப்படவில்லை. சொல்லை இழந்துகொண்டிருந்தவரின் விரல் தடுமாறவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு விடை தந்தார்கள். நெடுங்காலம் தெரிந்த பாட்டைக் கேட்கும்போது மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று ஆரோக்கியமானவர்களிடம் முதலில் கண்டறிந்தார்கள். அதே பகுதி அல்சைமர் நோயாளிகளிடம் எப்படி இருக்கிறது என்று பிறகு பார்த்தார்கள். மற்ற இடங்கள் சுருங்கியிருந்தும் அந்தப் பகுதி பெரும்பாலும் தேயாமல் இருந்தது. நம் ஊரில் மேடைப் பாடகராக இருக்கத் தேவையில்லை. சிறுவயதில் கோயிலில் பாடிய தேவாரமும், தேவாலயத்தில் பாடிய கீர்த்தனையும், ரேடியோவில் கேட்டு வளர்ந்த சினிமாப் பாட்டும், நாற்று நடும்போது பாடியவையும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. நாம் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் இரண்டாம் அடி அங்கிருந்து வரும். "என்ன பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டால் வராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாட்டுக் கேட்டதும் கண் திறந்தார், நினைவு திரும்பியது என்று கைப்பேசிகளில் சுற்றும் காணொளிகள், குடும்பங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தருகின்றன. நினைவு திரும்பவில்லை. போகாமல் இருந்த ஒன்று வெளியே தெரிந்தது. பாட்டு நின்றதும் மகளின் பெயர் மறுபடியும் தெரியாமல்தான் இருக்கும். அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு சோர்ந்துபோகிற மகள்களை எனக்குத் தெரியும். பாடிய அந்தப் பத்து நிமிடம் அந்த மனிதருக்கு உண்மையானது, அதுவே போதுமான பயன்.

எல்லாவற்றையும்விட ஆழமாக எஞ்சுவது உணர்ச்சி. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வை, நோயாளியைப் பராமரிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அல்சைமர் உள்ள 17 பேருக்கும், அதே வயதில் நோயில்லாத 17 பேருக்கும் சோகமான திரைப்படக் காட்சிகளைக் காட்டினார்கள். தனியாக, மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். சில நிமிடம் கழித்துக் கேட்டபோது அல்சைமர் உள்ளவர்களுக்குப் பார்த்தது அநேகமாக நினைவில் இல்லை. ஆனால், அந்தச் சோகமும் அந்த மகிழ்ச்சியும் அரை மணி நேரம்வரை அவர்களிடம் நீடித்தன. அதிலும் யாருக்குக் காட்சி குறைவாக நினைவிருந்ததோ, அவர்களிடம் துக்கம் அதிக நேரம் தங்கியது. ஏன் வருத்தமாக இருக்கிறது என்று தெரிந்தால்தானே மனம் அதற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ள முடியும்?

"எத்தனை தடவை சொல்றது!" என்று காலையில் அதட்டிவிட்டு, 'எப்படியும் மறந்துடுவாங்க' என்று நாம் ஆறுதல் அடைகிறோம். அதட்டியது மறந்துவிடும். அதட்டலின் பயம் மறக்காது. அது காரணம் தெரியாத பயமாக உடம்பில் இருக்கும். பிறகு அவர் சாப்பிட மறுத்தாலோ குளிக்க மறுத்தாலோ, அதை 'நோயின் அடம்' என்று எழுதிவைப்போம். இதன் மறுபக்கமும் உண்மை. "போய்ப் பார்த்து என்ன பிரயோஜனம், வந்துட்டுப் போனதே தெரியாது" என்று வருவதை நிறுத்திவிடும் பிள்ளைகளுக்கு இந்த ஆய்வு பதில் சொல்கிறது. நீங்கள் வந்துபோனது தெரியாது. உட்கார்ந்து சிரித்துப் பேசியதன் நிம்மதி, நீங்கள் பேருந்து நிலையம் போய்ச் சேர்ந்த பிறகும் அவரிடம் இருக்கும்.

வாசிப்பைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப், குழந்தைகளுக்கான மான்டிசோரி முறையை டிமென்ஷியா உள்ளவர்களுக்கு ஏற்ப மாற்றி, 1990-களிலிருந்து முதியோர் இல்லங்களில் பயன்படுத்தி வந்தவர். எழுத்து போதுமான அளவு பெரிதாக இருந்தால், நோய் நன்றாக முற்றிய நிலையிலும் பலரால் உரக்க வாசிக்க முடிகிறது என்பது அவருடைய முக்கியமான பட்டறிவு. வாசித்தது தங்காமல் போகலாம். ஆனால், கழிப்பறைக் கதவில் 'பாத்ரூம்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டினால், நினைவு செய்ய வேண்டியதைக் கண் செய்துவிடும். ஒரே கேள்வியை நூறு முறை கேட்பவருக்கு, அதன் பதிலை ஓர் அட்டையில் எழுதிக் கையில் கொடுக்கலாம்: 'பையன் ஆறு மணிக்கு வருவான்.' அடுத்த முறை கேட்கும்போது "அட்டையைப் பாருங்கம்மா" என்றால் போதும். அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே கேட்டுப் பழக்கினால், அட்டையைப் பார்க்க வேண்டும் என்ற புதிய பழக்கத்தையே பலர் கற்றுக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாத தலைமுறைப் பெண்களுக்கு எழுத்து உதவாது. படம் ஒட்டலாம், அவர்களுக்குப் பழகிய சொம்பைக் குளியலறை வாசலில் வைக்கலாம்.

பேச்சிலும் கடைசிவரை நிற்பது பெரும்பாலும் முதலில் கற்ற மொழிதான். லண்டனிலும் டொரண்டோவிலும் முதியோர் இல்லங்களில் இருக்கும் நம் பெரியவர்கள் பலர், நாற்பது வருடம் பேசிய ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழுக்குத் திரும்புகிறார்கள். தாதிக்குத் தமிழ் தெரியாது. 'நோயாளி பேச்சை இழந்துவிட்டார்' என்று ஏட்டில் ஏறிவிடுகிறது. அந்த நகரங்களில் உள்ள தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை, வாரம் ஒரு முறை ஓர் இல்லத்துக்குப் போய்த் தமிழில் பேசிவிட்டு வரச் செலவிட்டால் பெரிய உதவி.

உபசாரமும் எஞ்சுகிறது. "வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா?" என்ற வரிசை அறுபது வருடப் பழக்கம்; வந்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் அது வந்துவிடும். இதில் மனதுக்கு இதமான பக்கமும் இருக்கிறது, வேதனையான பக்கமும் இருக்கிறது. டாக்டர் முன்னால் பத்து நிமிடம் அம்மா தெளிவாகப் பேசிவிடுவார். வெளிநாட்டிலிருக்கும் தம்பி போனில் பேசிவிட்டு, "நல்லாத்தானே பேசறாங்க, நீதான் பெரிசுபண்றே" என்பார். இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு அதைவிடப் பெரிய அடி வேறில்லை. எஞ்சியிருக்கும் திறன், போனதை மறைத்துவிடுகிறது. நலம் விசாரிக்கும் பேச்சை மட்டும் வைத்து நோயின் அளவை முடிவு செய்யக் கூடாது என்பது அந்தத் தம்பிகளுக்குத் தெரியவேண்டும்.

எல்லா டிமென்ஷியாவும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூளையின் முன்பகுதி தேயும் வகையில் நினைவு ஓரளவு நன்றாக இருக்கும். அடக்கமும் உபசாரமும்தான் முதலில் போகும். லூயி பாடி என்ற வகையில், காலையில் தெளிவாக இருப்பவர் மாலையில் குழம்புவார், உடல் அசைவும் இறுகும்; அங்கே கைத்தொழிலை நம்ப முடியாது. ரத்தக் குழாய் அடைப்பால் வரும் வகையில், எந்தப் பகுதி அடிபட்டதோ அதைப் பொறுத்து எல்லாம் மாறும். எனவே, எது எஞ்சியிருக்கிறது என்பதை ஒவ்வொருவரிடமும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் இவையும் ஒவ்வொன்றாக விலகும். அப்போதும் தொடுதலும் தெரிந்த குரலும் போய்ச் சேர்கின்றன.

தேடிக் கண்டுபிடித்து வைத்திருப்பதில் இன்னொரு பயன் உண்டு. நேற்றுவரை பூக் கட்டியவர், வெங்காயம் உரித்தவர், இன்று திடீரென்று கையைத் தூக்காமல் சுருண்டு கிடந்தால் அது டிமென்ஷியா முற்றியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. டிமென்ஷியா பெரும்பாலும் மாதக்கணக்கில் நகர்வது. ஒன்றிரண்டு நாளில் சரிவு என்றால் சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், மாத்திரை ஒவ்வாமை, பக்கவாதம் என்று வேறொன்று இருக்கும். அதில் பலவற்றுக்கு மருத்துவம் உண்டு. அவர் என்னென்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரிந்த வீட்டில்தான் இது கண்ணில் படும். 'எல்லாம் போச்சு' என்று விட்டுவிட்ட வீட்டில் தெரியாது.

இதற்கெல்லாம் நேரம் யாருக்கு இருக்கிறது என்று ஒரு மருமகள் கேட்டால், அது நியாயமான கேள்வி. அத்தையைக் கீரை ஆயவிட்டால் ஒரு மணி நேரம். தானே ஆய்ந்தால் பத்து நிமிடம். வேலைக்கும் போய்க்கொண்டு, பிள்ளையையும் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு இருக்கும் பெண்ணிடம் பொறுமையைப் பற்றி உபதேசிப்பது அநியாயம். இது தனி வீடுகளின் தலையில் மட்டும் ஏற்றக்கூடிய சுமை அல்ல. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. முதியோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்து இருப்பது தமிழ்நாடு. கேரளம் 2014-இலேயே ஸ்மிருதிபதம் என்ற பெயரில் டிமென்ஷியாவுக்கென்று மாநிலத் திட்டத்தைத் தொடங்கியது.

நமக்கு அவசரத் தேவை பகல்நேரப் பராமரிப்பு மையங்கள். காலையில் விட்டுவிட்டு மாலையில் கூட்டிப்போகக்கூடிய, அங்கன்வாடி அளவுக்கு வீட்டுக்கு அருகில் இருக்கும் மையங்கள். அங்கே டி.வி. முன்னால் வரிசையாக உட்கார வைக்காமல் கைக்கு வேலை தர வேண்டும். நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009-இல் தொடங்கிய ஹோக்வேக் குடியிருப்பில், கடுமையான டிமென்ஷியா உள்ளவர்கள் கடைக்குப் போகிறார்கள், சமையலில் சேர்ந்துகொள்கிறார்கள். டோக்கியோவில் 2017-இல் ஷிரோ ஒகுனி என்ற தொலைக்காட்சி இயக்குநர், டிமென்ஷியா உள்ளவர்களே பரிமாறும் உணவகத்தைச் சில நாள்களுக்கு நடத்திக் காட்டினார். சொன்ன பதார்த்தம் ஒன்று, வந்த பதார்த்தம் வேறு. வந்தவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அதுபோன்ற செலவு பிடித்த ஏற்பாடுகளை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் திண்ணையும் முறமும் இருந்தால் பாதி மையம் தயார்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகிறார்கள். அதே பணியாளர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால், நினைவுக் குறைபாட்டை ஆரம்பத்திலேயே கவனித்துச் சொல்லிவிடுவார்கள். அந்த வீட்டில் பெரியவர் இன்னும் என்ன செய்கிறார் என்றும் குறித்துக்கொள்வார்கள். இப்போது மருத்துவமனைக் குறிப்புகளில் இருப்பதெல்லாம் இழப்பின் பட்டியல்: தேதி தெரியவில்லை, கணக்கு வரவில்லை, கடிகாரம் வரையவில்லை. நோயைக் கண்டறிய அது வேண்டும். பராமரிக்க அது போதாது.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சிகளிலிருந்தே, எஞ்சியிருப்பதையும் எழுதிவைக்கும் பழக்கத்தைத் தொடங்கலாம். முதல் நாள் அட்டெண்டரிடம் நாம் சொல்லிக் கொடுப்பது குளியல், டயப்பர், மாத்திரை, சாப்பாட்டு நேரம். அதற்குக் கீழே இன்னும் நான்கைந்து வரி இப்படி எழுதிக் கொடுங்கள்: காலையில் பேப்பர் தலைப்புகளை உரக்க வாசிப்பார், பக்கத்தில் உட்காரவும். பூண்டு உரிக்கக் கொடுக்கலாம். முதல் பல்லை நீங்கள் உரித்துக் காட்டினால் தொடர்வார். சட்டைப் பொத்தானை அவரே போடுவார், நேரமானாலும் விட்டுவிடவும். சொந்த ஊர் வள்ளியூர், அந்தக் காலத்து வயல் வேலையைக் கேட்டால் பேசுவார். யார் என்று தெரிகிறதா என மட்டும் கேட்க வேண்டாம்; "நான் செல்வி, உங்களுக்குக் காபி கொண்டுவந்திருக்கேன் தாத்தா" என்று நீங்களே சொல்லிவிடவும்.